வாய் மூடி ஏறியவன்

என் அண்ணன் வன்னெஸ் சைக்கிள் ஓட்டுவதை முதல்முறை பார்க்கிறவர்கள் அவனுக்கு வலிப்பு வந்துவிட்டது என்று நினைப்பார்கள். தோள்கள் மாறி மாறி இறங்கி ஏறும். தலை இடப்பக்கம் சாய்ந்து கிடக்கும். முழங்கால்கள் வெளியே விரியும். வாய் எப்போதும் திறந்தே இருக்கும். சேற்று வயலைக் கொத்துகிறவன் மாதிரி ஓட்டுகிறான் என்று யாரோ சொல்லப்போய் அவனுக்கு ‘மண்வெட்டி’ என்று பெயர் நிலைத்தது. பெல்ஜியத்தில், எங்கள் ஃப்ளாண்டர்ஸ் பக்கம், ஒரு சைக்கிள் பந்தய வீரனுக்குப் பட்டப்பெயர் வந்துவிட்டால் அடுத்த வாரமே ரசிகர் மன்றமும் வந்துவிடும். மன்றம் என்றால் அதற்கு ஒரு பீர்க்கடை வேண்டும். அது எங்கள் அப்பாவின் கடை.

மன்றத்தின் தலைவர் கசாப்புக்கடை ஓடிலோன். அவர் யோசனைப்படி எல்லோரும் நிஜ மண்வெட்டிகளுக்கு மஞ்சள் வண்ணம் அடித்துக்கொண்டார்கள். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஆண்கள், பேரன் பேத்தி எடுத்தவர்கள், வீட்டுத் தோட்டத்தில் ஒரு செடி நட மனைவி கூப்பிட்டால் இடுப்பு வலி என்று படுத்துக்கொள்கிறவர்கள், அந்த மண்வெட்டியைத் தோளில் சாய்த்துக்கொண்டு மழையில் அரைநாள் நிற்பார்கள். வன்னெஸ் நாற்பதாவது ஆளாக, எச்சில் ஒழுக அவர்களைக் கடந்து போவான். “பாத்தியா, என்னைப் பாத்துத் தலையாட்டினான்” என்று சொல்லிக்கொண்டு பேருந்தில் ஏறித் திரும்பி வருவார்கள். அவன் தலை எல்லோரையும் பார்த்துத்தான் ஆடும். அதை நிறுத்த அவனால் முடியாது.

நான் கடையில் பீர் ஊற்றுகிறேன். வகுப்பில் எழுந்து நின்று பேசச் சொன்ன நாளில் ஆசிரியையின் மேசைமேல் வாந்தி எடுத்தேன். அதன்பிறகு பள்ளிக்கூடம் போகவில்லை. போதாததற்கு என் சிறுநீரகங்களும் சரியில்லை. அதனால் இரத்தம் ஊறுவது குறைவு. அதற்கு மாத்திரை சாப்பிடுகிறேன். அம்மா எப்போதோ கடற்கரைப் பக்கம் வேறொருவரோடு குடிபோய்விட்டாள். பந்தயம் நடக்காத ஊராகப் பார்த்துப் போனாள் என்பார் அப்பா. என்னை எல்லோரும் எலி என்று கூப்பிடுவார்கள். பேசாத பெண்ணை வைத்துக்கொண்டு ஆண்கள் எதையும் பேசுவார்கள். அவர்களுக்கு நான் பீர்க்குழாயின் ஒரு பகுதி.

அவர்களுக்கு மதம் என்று ஒன்று இருந்தால் அது ஸ்டைல்தான். ஹெலிகாப்டரிலிருந்து எடுத்த படத்தில் எறும்புக்கூட்டம் போலத் தெரிகிற நூறு பேரில், முதுகின் வளைவை மட்டும் பார்த்து, இவன் இன்னார் என்று சொல்லிவிடுவார்கள். இவன் முழங்கையை மடக்குகிறான், அதனால் கல்பாதையில் நன்றாக ஓட்டுவான். அவன் பெரிய பல்சக்கரத்தில் போட்டு மிதிக்கிறான், அதனால் சாயங்காலத்துக்குள் செத்துவிடுவான். இத்தனை தெரிந்த கண்கள் ஒரு விஷயத்தை எப்படிப் பார்க்காமல் விட்டன என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

எங்கள் ஊருக்குப் பின்னால் காக்கைமேடு இருக்கிறது. கல் பாவிய செங்குத்தான ஏற்றம். ஒவ்வொரு வசந்தத்திலும் பெரிய பந்தயம் அதன் வழியாகப் போகும். அன்று காலை மன்றத்தில் ஒரு சடங்கு உண்டு. நான் பால்சோறு செய்வேன்: அரிசியைப் பாலில் குழைய விட்டு, குங்குமப்பூவும் இலவங்கப்பட்டையும் போட்டு, மேலே பழுப்புச் சர்க்கரை தூவி. ஓடிலோன் முதல் கரண்டியை வன்னெஸ் வாயில் ஊட்டுவார். மற்றதை அவனே தின்று சட்டியை வழிப்பான். ஓடிலோனின் மருமகன் எல்லாவற்றையும் படம் எடுப்பான். பிறகு மேட்டின் பாதியில், ஒவ்வொரு வருடமும் அதே வேலிக்கம்பத்தின் பக்கத்தில் நின்று, வன்னெஸ் ஏறுவதைப் படம் எடுப்பான். இரண்டையும் ஒட்டி மன்றப் படமாக்கி, வருடம் முழுக்க எங்கள் கடைத் திரையில் ஓட்டுவார்கள்.

அந்த வருடம் வன்னெஸ் குளிர்காலத்தை எங்கோ தீவு மலையில் பயிற்சியில் கழித்துவிட்டு வந்தான். மெலிந்திருந்தான். பெட்டி பெட்டியாக எடை போட்ட சாப்பாடு கொண்டுவந்திருந்தான். பந்தயம் வந்தது. காக்கைமேட்டில் மற்றவர்கள் எல்லோரும் எழுந்து நின்று மிதிக்க, என் அண்ணன் இருக்கையில் அமர்ந்தபடி, கைகளைக் கைப்பிடியின் மேல் லேசாக வைத்து, தபால் பெட்டியில் கடிதம் போடப் போகிறவன் போல ஏறினான். தோள் அசையவில்லை. தலை அசையவில்லை. மேட்டின் உச்சிக்கு வந்தபோது பின்னால் யாரும் இல்லை. தனியாகப் போய் ஜெயித்தான்.

கடையில் ஆண்கள் அழுதார்கள். ஓடிலோன் திரையைத் தொட்டுத் தடவினார்.

“பாருங்கய்யா முதுகை. மேல ஒரு கிளாஸ் பீரை வச்சா ஒரு சொட்டு சிந்தாது.”

“போன வருஷம் அதே முதுகுல வச்சிருந்தா கிளாஸ் அடுத்த ஊர்ல போய் விழுந்திருக்கும்” என்றார் பழைய தபால்காரர்.

“சைக்கிள் சீட்டுய்யா, எல்லாம் சீட்டு. ரெண்டு விரக்கடை ஒசத்தியிருக்கான். நான் அன்னிக்கே சொன்னேன், எவன் கேட்டான்?” என்றார் ஓடிலோன்.

“நீ சொன்னது எறக்கணும்னு.”

“யோவ், ஒசத்தணும்னாலும் எறக்கணும்னாலும், மாத்தணும்னு சொன்னேனா இல்லையா?”

“வாய மூடிட்டு ஏறறான்” என்றேன் நான். கையிலிருந்த கண்ணாடிக் கோப்பையிடம்தான் சொன்னேன். ஓடிலோனுக்குக் கேட்டுவிட்டது.

“அதான், எலி, ஸ்டைல்! வாயத் தொறந்துட்டு ஏறறவன் கூலிக்காரன். மூடிட்டு ஏறறவன் ராஜா.”

இரத்தம் குறைந்த உடம்பு எப்படி மூச்சு வாங்கும் என்று எனக்குத் தெரியும். முன்பெல்லாம் மாடிப்படியில் பாதி ஏறும்போதே என் வாய் தானாகப் பிளந்துகொள்ளும். மாத்திரை ஆரம்பித்த பிறகு ஒருநாள், கையில் துணிக்கூடையுடன் மேலே போய்ச் சேர்ந்து, வாய் மூடியிருப்பதைக் கவனித்தேன். காக்கைமேட்டில் பசுமாடுகூட வாயைத் திறந்துகொண்டுதான் ஏறும். ஆனால் அன்று கடையில் ஒரே கொண்டாட்டம். எனக்கு ஊற்றவே நேரம் சரியாக இருந்தது.

கோடையில் செய்தி வந்தது. ஜெயித்த அன்று எடுத்த சிறுநீரில், சிவப்பணுவைக் கூட்டுகிற தடைசெய்யப்பட்ட மருந்து. இரண்டாவது மாதிரியிலும் அதுவே.

மன்றம் இரண்டே நாளில் முழுக்க முழுக்கத் துப்பறிவாளர்களால் நிரம்பிவிட்டது. ஆய்வுக்கூடத்துக்காரனுக்கு நம் மீது பொறாமை என்றார் ஒருவர். பிரெஞ்சுக்காரர்களின் சதி என்றார் இன்னொருவர். தபால்காரர் மட்டும், “எல்லாரும்தான் எடுக்கறான், இவன் மாட்டிக்கிட்டான்” என்றார். அவரை ஒரு வாரம் யாரும் தங்கள் மேசையில் உட்காரவிடவில்லை. மறுவாரம் எல்லோருமே அதையே சொல்ல ஆரம்பித்தார்கள். அவருக்கு நாற்காலி திரும்பக் கிடைத்தது.

ஊக்கமருந்துத் தடுப்பு ஆணையத்தின் விசாரணைக்கு முன்னால் வக்கீல் லீவன்ஸ் கடைக்கு வந்தார். பளபளப்பான காலணி, கோட்டு சுவரில் படாமல் நடந்தார். அப்பா, வன்னெஸ், ஓடிலோன் மூவரும் மூலை மேசையில். நான் காபி கொண்டுபோனேன்.

“வீட்ல யாராவது இந்த மாதிரி மருந்து சாப்பிடறாங்களா?” என்றார் வக்கீல். “தெரியாம சாப்பாட்டுல கலந்துடுச்சுன்னா, அது வேற கேஸ். ரெண்டு வருஷத் தடை, எச்சரிக்கையாகூட மாறலாம்.”

மூன்று தலைகளும் மெல்லத் திரும்பின. அவர்கள் அத்தனை கவனத்தோடு என்னைப் பார்த்தது அதுவே முதல் தடவை.

கதை அங்கேயே, காபி ஆறுவதற்குள் தயாராகிவிட்டது. எலி மாத்திரையை விழுங்கமாட்டாள், இடித்துத்தான் சாப்பிடுவாள். இலவங்கப்பட்டை இடிக்கிற அதே குட்டி உரலில் இடித்தாள். கழுவ மறந்தாள். பட்டைப் பொடி பால்சோற்றில் விழுந்தது. பால்சோறு வன்னெஸ் வயிற்றில் விழுந்தது. நான் மாத்திரையை முழுதாக விழுங்குகிறவள். உரலை நான் கழுவாமல் வைத்ததும் இல்லை.

“ஓடிலோன் சாட்சி சொல்லட்டும், ஊட்டினவர் அவர்தானே” என்றார் வக்கீல். “பொண்ணு பெரிசா ஒண்ணும் பேச வேண்டாம். ஆமான்னு ஒரு வார்த்தை.”

“ஓடிலோன் மாமா ஊட்டல” என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

“என்ன சொல்றா?” என்றார் வக்கீல்.

“ஒண்ணுமில்ல, அவ அப்படித்தான்” என்றார் அப்பா.

வக்கீல் போன பிறகு அப்பா சமையலறைக்கு வந்தார். கெட்டவர் இல்லை. கைகளைத் துண்டில் துடைத்துக்கொண்டே நின்றார். கைகள் ஈரமாகவே இல்லை.

“நீ வெளிய எங்கயும் போறதில்ல, எலி. யாரோடயும் பழகறதில்ல. உனக்கு என்ன பேரு கெடப்போகுது? அவனுக்கு அது பொழப்பு.”

அந்த வாக்கியத்தை நான் பல நாள் சுமந்தேன். அவர் சொன்னது ஒருவகையில் உண்மைதான். எனக்குப் பெயர் என்று ஒன்று இல்லை. இனிமேல் ஒன்று வரும்: அண்ணனுக்கு மருந்து வைத்த பெண். ரொட்டி வாங்கப் போனாலும், மருத்துவமனைக்குப் போனாலும், அது எனக்கு முன்னால் போய் நிற்கும். நான் கொடுத்த காபியை யாராவது முகர்ந்து பார்ப்பார்கள். பார்த்துவிட்டுச் சிரிப்பார்கள்.

வன்னெஸ் வந்து கேட்பான் என்று காத்திருந்தேன். கேட்டிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று இன்றும் தெரியவில்லை. ஒருவேளை தலையாட்டியிருப்பேன். அவன் கேட்கவில்லை. விசாரணைக்கு முந்தின நாள் அவனுடைய அணியின் தொப்பி ஒன்றை என் தலையில் வைத்தான்.

“நீ நல்லவ, எலி. ஒரே ஒரு வார்த்தை.”

“பால்சோறு நீ திங்கவே இல்லையே.”

“அதெல்லாம் யாருக்கு ஞாபகம் இருக்கப்போகுது?” என்று சொல்லிவிட்டுக் கைப்பேசியைப் பார்க்க ஆரம்பித்தான்.

எனக்கு ஞாபகம் இருந்தது. அந்தப் பந்தயக் காலையில் ஓடிலோன் நீட்டிய கரண்டியை அவன் ஒதுக்கினான். பால் கூடாது, சர்க்கரை கூடாது, டாக்டர் சொல்லியிருக்கிறார் என்றான். எல்லோர் முன்னாலும் நீட்டிய கை நீட்டியபடி நின்றது. ஓடிலோன் அசடு வழிந்து, கரண்டியைத் திருப்பித் தன் வாயிலேயே போட்டுக்கொண்டார். கூட்டம் கைதட்டியது. கைதட்டினால் ஓடிலோன் எதையும் செய்வார். சட்டி முழுவதையும் தின்று தீர்த்தார்.

அறுபது பேர் பார்த்தார்கள். இப்போது அறுபது பேருக்கும் வன்னெஸ் தின்றது நன்றாக நினைவிருந்தது. “மூணு தட்டு” என்றார் ஒருவர். “நாலு” என்றார் இன்னொருவர். அவர்கள் பொய் சொல்லியிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் மரியாதை இருந்திருக்கும். அவர்கள் அதை நம்பினார்கள்.

இன்னொன்றும் எனக்குத் தெரியும். மன்றப் படம் கடைத் திரையில் ஓடும்போது முதலில் வருவது காலைச் சடங்கு. அது யாருக்கும் வேண்டாம். அந்த நேரத்தில்தான் எல்லோரும் எழுந்து, மேடு வருவதற்குள் பீர் வாங்கிவிட, திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு என் முன்னால் முண்டியடிப்பார்கள். நான் அவர்களுக்கு எதிரே நிற்கிறேன். அவர்கள் தோள்களுக்கு மேலாக எனக்குத் திரை தெரியும். அந்தப் பகுதியை வருடம் முழுக்கப் பார்த்தவள் நான் ஒருத்திதான்.

விசாரணை பிரஸ்ஸல்ஸில், தரைவிரிப்பு போட்ட ஓர் அறையில். ஆணையத்தின் தலைவி நரைத்த குட்டை முடி உள்ள பெண்; மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துப் பேசினாள். ஓடிலோன் தன் மகள் கல்யாணத்துக்குத் தைத்த கோட்டில் வந்திருந்தார். அந்தக் கல்யாணத்துக்குப் பிறகு அவர் பெருத்துவிட்டார். மடியில் கணினிப் பை. அதில் மன்றப் படங்கள், போன வருடத்ததும் இந்த வருடத்ததும். இருக்கையை உயர்த்தியதால்தான் ஸ்டைல் மாறியது, ஸ்டைல் மாறியதால்தான் வேகம் வந்தது என்று உலகத்துக்கு நிரூபிக்க வேண்டும் அவருக்கு. அதெல்லாம் இங்கே எடுபடாது, பையை மூடுங்கள் என்று வக்கீல் வாசலிலேயே சொல்லியிருந்தார். ஓடிலோன் பையை மூடவில்லை. நாய்க்குட்டியைத் தடவுவது போல அதைத் தடவிக்கொண்டே இருந்தார்.

முதலில் அவரைக் கேட்டார்கள்.

“பந்தயத்தன்னிக்குக் காலைல அவர் பால்சோறு சாப்பிட்டதை நீங்க பாத்தீங்களா?”

“பாக்கறதா? நானே ஊட்டினேன் அம்மா, இந்தக் கையால. மூணு தட்டு. சட்டிய வழிச்சு நக்கினான்.”

“வேற யாரும் அதச் சாப்பிடலையா?”

“எங்க விட்டு வச்சான்?”

“நீங்க?”

“எனக்குச் சக்கரை வியாதி அம்மா. தொடமாட்டேன்.”

பிறகு என்னைக் கேட்டார்கள். அந்த உரலைப் பற்றி வக்கீல் அழகாகச் சொல்லி முடித்தார். தலைவி என் பக்கம் திரும்பினாள்.

“நீங்க செஞ்ச பால்சோத்துல உங்க மாத்திரை கலந்திருக்கலாம்னு சொல்றாங்க. அப்படியா?”

பழைய வகுப்பறை திரும்பி வந்தது. அப்பா தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். வன்னெஸ் என்னைப் பார்த்துச் சிரித்தான், விளம்பரப் படத்தில் சிரிப்பது போல. ஒரு வார்த்தைதான். அது நாக்கின் நுனி வரை வந்துவிட்டது.

ஓடிலோனின் கை பையைத் தடவிக்கொண்டிருந்தது.

“ஓடிலோன் மாமா படம் கொண்டுவந்திருக்காரு” என்றேன். “அன்னிக்கு எடுத்தது. முழுசாப் பாருங்க. மொதல்லேர்ந்து.”

என் வாழ்நாளில் முன்பின் தெரியாதவர்கள் முன்னால் நான் பேசிய மிக நீளமான பேச்சு அது.

“அது தேவையில்லை” என்று வக்கீல் எழுந்தார். ஆனால் ஓடிலோன் அவருக்கு முன்பே எழுந்துவிட்டார். முகம் மலர்ந்திருந்தது. போகும்போது என் தோளைத் தட்டினார். “சபாஷ் எலி” என்று கிசுகிசுத்தார். “ஸ்டைல் தெரிஞ்ச பொண்ணு.”

“பாக்கலாமே” என்றாள் தலைவி.

போன வருடத்துப் படம் முதலில் ஓடியது. வன்னெஸ் கரண்டியை வாயால் பிடுங்கினான், சட்டியை வழித்தான். பிறகு மேடு: தோள் கொத்த, தலை தொங்க, வாயிலிருந்து எச்சில் நூலாக இழுபட, இருபதாவது ஆளாக ஏறினான். “பாருங்க, சீட்டு கீழ இருக்கு” என்றார் ஓடிலோன்.

இந்த வருடத்துப் படம். கடை நிறைய மஞ்சள் மண்வெட்டிகள். ஓடிலோன் கரண்டியை நீட்டுகிறார். வன்னெஸின் புறங்கை அதை ஒதுக்குகிறது. பால் வேண்டாம், டாக்டர் சொல்லியிருக்கார் என்று அவன் குரல் தெளிவாகக் கேட்டது. கரண்டி திரும்பி ஓடிலோனின் வாய்க்குப் போகிறது. கைதட்டல். அடுத்த கரண்டி. அதற்கடுத்தது. மருமகன் ஆசையாக மாமனாரின் முகத்தை நெருங்கி எடுத்திருந்தான். மீசையில் குங்குமப்பூ மஞ்சள். கடைசியில் சட்டியைக் கவிழ்த்து, காலி என்று படக்கருவிக்குக் காட்டுகிறார்.

ஓடிலோன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பகுதியை அவர் அன்றுதான் முதல்முறை பார்க்கிறார் என்பது முகத்தில் தெரிந்தது. ஆனாலும் மனிதருக்குக் கடமை உணர்ச்சி அதிகம். காக்கைமேடு வந்ததும் விரலை நீட்டினார்.

“இப்ப, இப்பப் பாருங்க. முதுக மட்டும் பாருங்க” என்றார். குரல் தேய்ந்திருந்தது.

தலைவி பார்த்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தாள்.

“வாய மூடிட்டே ஏறறாரே” என்றாள்.

நான்கு வருடத் தடை போட்டார்கள். பொய்ச்சாட்சிக்கும் சேர்த்து என்று வக்கீல் சொன்னார். திரும்பி வந்து கடை வாசலில் காரிலிருந்து இறங்கும்போது அப்பா, “ஒரு வார்த்தைதானே கேட்டோம்” என்றார். நான் உள்ளே போய்ப் பீர்க்குழாயைக் கழுவினேன்.

மன்றம் சில வாரம் துக்கம் காத்தது. என்னிடம் யாரும் பேசவில்லை. எனக்கு அதில் பெரிய மாற்றம் தெரியவில்லை. மற்ற கடைகளுக்குப் போய்ப் பார்த்தார்கள். அங்கே திரை சிறியது. திரும்பி வந்தார்கள். பக்கத்து ஊரில் யார்னெ என்று ஒரு புதுப் பையன், நெட்டையாக, கழுத்தை நீட்டிக்கொண்டு ஓட்டுகிறான். அவனுக்குக் கொக்கு என்று பெயர் வைத்தார்கள். மண்வெட்டிகளைச் சுரண்டி வெள்ளையடித்து, அலகு மாதிரி ஒன்றை முனையில் ஒட்டினார்கள். ஓடிலோன்தான் தலைவர். வன்னெஸின் முதுகை ஆரம்பத்திலிருந்தே தான் நம்பவில்லை என்கிறார் இப்போது.

இலையுதிர் காலத்தில் ஒரு மதியம் சமையலறை ஜன்னல் வழியே காக்கைமேட்டைப் பார்த்தேன். யாரோ ஒருவன் தனியாக ஏறிக்கொண்டிருந்தான். முகம் தெரியாத தூரம். தோள்கள் கொத்தின. தலை இடப்பக்கம் விழுந்து கிடந்தது. அடையாளம் காண எனக்கு ஹெலிகாப்டர் தேவைப்படவில்லை.

கொஞ்ச நேரத்தில் பின்வாசலில் வந்து நின்றான். விசாரணைக்குப் பிறகு அவன் வீட்டுக்கு வருவது அதுதான் முதல்முறை. மூச்சு இன்னும் அடங்கவில்லை. வாய் பிளந்திருந்தது.

“பால்சோறு இருக்கா?”

“நேத்து வச்சது.”

சட்டியோடு எடுத்து மேசையில் வைத்தேன். நின்றுகொண்டே தின்றான்.

“மாத்திரை ஏதும் கலக்கலையே?”

“ஓடிலோன் மாமாவக் கேளு. நீ தின்னத எப்பவும் அவர்தான பாக்கறாரு.”

சிரிக்கப் பார்த்தான், சோறு புரையேறி இருமினான். மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. கேட்பான் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை. கரண்டியால் சட்டியின் அடியைச் சுரண்டிக்கொண்டே கேட்டான்.

“அந்தக் கொக்குப் பையன் எப்படி ஓட்டறான்?”

“கழுத்து ஆடுது. முழங்கால் உள்ள வருது.”

“வாய்?”

“இப்போதைக்குத் தொறந்துதான் இருக்கு” என்றேன்.